கன்னிமூலையில் ஒரு மேடை

கதிர்காமநாதன் கட்டிய மேடையைப் பார்த்து அந்தத் தெருவில் சிரிக்காதவர் இல்லை. சிவகௌரிக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. கட்டியவர் அவளுடைய புருசன் அல்லவா.

மெல்பேர்ன் நகரத்தின் விளிம்பில், கிரான்பர்னில் வடக்குப் பார்த்த வீடு. பின்வளவின் தென்மேற்கு மூலையில், மரவேலியோடு ஒட்டியபடி, எட்டடிக்கு எட்டடி, ஒன்றரைச் சாண் உயரத்தில் மேடை. சுற்றிவரப் பலகை அடைத்து, உள்ளே சல்லி நிரப்பி, மேலே மூன்று அங்குலத்துக்குச் சீமெந்து. அதில் துளசி இல்லை, கோழிக்கூடு இல்லை, உடுப்புக் காயப்போட ஒரு கொடிகூட இல்லை. மிஞ்சிப்போன மூன்று சீமெந்து மூட்டைகள் மூலையில் கிடந்து, மழையில் நனைந்து, இறுகிக் கல்லாகிவிட்டன. வருகிறவர்கள் "உதென்னத்துக்கு?" என்று கேட்பார்கள். "பாரம்," என்பார் கதிர்காமநாதன். "கன்னிமூலையில பாரம் இருக்கவேணும்." கேட்டவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்.

அந்த மனுசனையும் முழுக்கப் பிழை சொல்ல ஏலாது. இருபத்திரண்டு வருசம் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒரு நாள் பூட்டுப்பட்டது. அடுத்த ஆறாம் மாதம் டண்டினொங் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இரண்டு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐம்பத்தாறு வயது ஆம்பிளை யன்னலோரம் இருந்துகொண்டு, தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து லண்டன் மச்சான் ஒருவர் ஒரு வாஸ்துக்காரரின் இலக்கத்தை அனுப்பினார். வாஸ்துக்காரர் கோயம்புத்தூரில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் வளவைச் சுற்றிப் பார்த்தார்.

"சார், உங்க வீட்டுத் தண்ணி பூரா கன்னிமூலை வழியா வெளியே போகுது. அது குடும்பத் தலைவனோட இடம் சார். தண்ணி போற வழியில ஆயுசும் போயிடும். அதை அடைச்சு, மேடாக்கி, மேல பாரத்தை வைங்க. அப்புறம் பாருங்க."

தண்ணீர் போனது ஒரு வடிகால் குழிக்குள். அந்த மூலைதான் இரண்டு வளவுக்கும் பள்ளம். பக்கத்து வீட்டு மழைத் தண்ணீரும் வேலிக்குக் கீழால் ஊர்ந்து வந்து, கம்பி மூடி போட்ட அந்தக் குழிக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழே குழாயால் போய்விடும். வீடு கட்டினவன் விசரில் அதை அங்கே வைக்கவில்லை. கதிர்காமநாதன் "ரோசாப்பாத்தி ஒண்டு கட்டப்போறன்" என்று மனைவிக்குச் சொன்னார். அவளுக்குச் சனிக்கிழமைகளில் ஓவர்டைம். மனுசன் கையைக் காலை ஆட்டட்டும், நல்லதுதானே என்று விட்டுவிட்டாள். எட்டாவது சனிக்கிழமை வேலையால் வந்து பார்த்தபோது ரோசாவும் இல்லை, குழியும் இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சிவகௌரிக்கு வேலையே டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில்தான். வடிகால் குழிகளுக்குப் போடுகிற கம்பி மூடிகளைப் பெட்டியில் அடுக்குவது. நாளுக்கு நானூறு மூடி, பத்து வருசமாக. ஊரெல்லாம் தண்ணீர் ஓட மூடி அடுக்குகிறவளின் வீட்டில் குழி சமாதியாகிக் கிடந்தது. மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தாள். நாலாம் நாள் இதய டொக்டர் பார்த்துவிட்டு எல்லாம் திறம் என்று சொல்லிவிட்டார். காலையும் மாலையும் விழுங்கிய குளிசைகளுக்கு ஒரு நன்றி இல்லை, பேரெல்லாம் சீமெந்துக்குப் போனது. அடுத்த மாதம் ஒரு களஞ்சியசாலையில் அரைநேர வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த மேடையைப் பற்றி வாய் திறக்க யாரால் முடியும்?

பக்கத்து வீட்டு அமீருன்னிசா திறந்தாள். போன வருசம் ஒக்டோபரில் அரை மணித்தியால மழைக்கே அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, இரண்டு அறையில் கம்பளத்தைக் கிழித்து எறிய வேண்டியதாகிவிட்டது. அவர்களுடைய வீடு இவர்களுடையதைவிட ஒரு செங்கல் அளவு தாழ்ந்து, பதிவாகக் கிடந்தது. வாசலில் வந்து நின்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அண்ணன், முந்தி தண்ணி ஒங்கட மூலைக்குத்தான் போகும். இப்ப அங்க போகாம எங்கட பக்கமே நிண்டு ஏறுது. ஒருக்கா பாருங்களன்."

"வானத்தால வாற தண்ணிக்கு நான் என்ன செய்ய தங்கச்சி? உங்கட பக்கம் பதிவு."

சிவகௌரி அன்றைக்கு அவருக்குப் பின்னால் நின்றாள். எல்லாம் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். டொக்டர் அவருக்குக் கோபம் கூடாது என்றிருந்தார். அடுத்த பெருநாளுக்கும் அமீருன்னிசா ஒரு குறையும் வைக்காமல் வட்டிலப்பம் அனுப்பினாள். சிவகௌரி அதைத் தலை குனிந்தபடி தின்றாள். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

இந்த வருச நவம்பரில் ஒரு சனிக்கிழமை. ஓவர்டைம் இல்லை. கராஜில் வைத்திருக்கிற இரண்டாவது குசினியில் சிவகௌரி மருந்துச் சரக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள். வெளியில் காற்று அசையவில்லை. வழக்கமாகக் கிரான்பர்னில் கதவைப் பிடுங்குகிற காற்று வீசும். அன்றைக்கு உடம்பெல்லாம் பிசுபிசுத்தது.

"மணக்குது," என்று மூக்கைத் துடைத்தபடி கதிர்காமநாதன் வந்தார்.

"உங்களுக்கில்லை. அங்கால பிள்ளைப்பெத்தவளுக்கு."

அமீருன்னிசாவின் தங்கை ரினோசா. கலியாணமாகி ஏழு வருசத்துக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை. வயிற்றைக் கீறி எடுத்து இன்றைக்கு ஒன்பதாம் நாள். மாப்பிள்ளைக்கு மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் வேலை, இரண்டு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே. அதனால் தமக்கை வீட்டுப் பின்னறையில் தாயும் பிள்ளையும் கிடந்தார்கள்.

"அவையளும் சரக்குச் சாப்பிடுவினமோ?"

"பிள்ளை பெத்த வயிறு எல்லாருக்கும் ஒண்டுதான். உந்த மீனை ஒருக்கா வெட்டித் தாங்கோ. வைட்டிங் மீன், முள்ளுக் குறைவு."

அவர் மீனை வெட்டத் தொடங்கினார். அப்போது சிவகௌரியின் போன் கிணுகிணுத்தது. கிளேட்டனில் படிக்கிற மகள் வினுஷா வானிலைப் படம் ஒன்றை அனுப்பி, குரலும் அனுப்பியிருந்தாள். "அம்மா, ஸ்டோர்ம் மூவ் பண்ணேல்ல. இட்ஸ் ஜஸ்ட் சிட்டிங் தெயர். எங்கயும் டிரைவ் பண்ணாதேங்கோ, பிளீஸ்."

படத்தில் மேற்கிலிருந்து கிழக்குக்கு ஒரு கோடு. கோட்டின் மேலே சிவப்புப் பொட்டுகள் வரிசையாக நின்றன. வானிலைக்காரர் காலையில் சொன்னதுதான். வடக்கிலிருந்து சூடும் ஈரமுமாக வந்த காற்று, தெற்கே கிடந்த குளிர்காற்றின் மேல் ஏறிப் படுத்துவிட்டது. அந்த விளிம்பில் இடிமுகில்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் பிறக்கும். தள்ளிவிட மேலே காற்று இல்லை. ஒரு மாத மழையை ஓரிடத்தில் நின்றே கொட்டிவிட்டுப் போகும், திடீர் வெள்ளம் வரலாம், கவனம் என்றார்கள்.

"உது வந்த மாதிரிப் போயிடும்," என்றார் கதிர்காமநாதன். "மெல்பேர்ன் மழைதானே."

"போகாதாம். குந்தியிருந்து பெய்யுமாம்."

"உவையள் சொல்லி எது நடந்தது?"

"உங்கட வாஸ்துக்காரர் சொன்னா மட்டும் நடக்கும், என்ன?"

அவர் மீனின் செட்டையை வெட்டி எறிந்தார். அந்தப் பேச்சு எடுத்தால் அவருடைய இடக்கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். நாக்கின் கீழ் அடிக்கிற மருந்துப் போத்தல் அங்கே இருக்கிறது. அவள் அதைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வாள். ஒரு வருசமாக அந்த வீட்டில் சண்டைகள் அப்படித்தான் முடிந்தன.

ஒரு மணிக்கு முதல் துளி விழுந்தது. ஒன்றேகாலுக்கு எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. சிவகௌரி குடையைப் பிடித்துக்கொண்டு, வேலியோரம் கவிழ்த்து வைத்த பால்பெட்டியில் ஏறிச் சரக்குக் கறிச் சட்டியை நீட்டினாள். அங்கால் அமீருன்னிசா முக்காட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வாங்கினாள்.

"அல்லாவே, இந்த மழைக்குள்ள இது தேவையா கௌரி?"

"சூட்டோட குடுங்கோ அக்கா. பால் ஊறும். பிள்ளை நித்திரையோ?"

"இடி இடிக்க இடிக்க நித்திர. அதுட வாப்பாவப் போல." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "கௌரி, கீழ பாருங்க."

சிவகௌரி பார்த்தாள். பால்பெட்டியின் கால்பங்கு தண்ணீரில் நின்றது. இரண்டு வளவும் ஒரே குளமாகியிருந்தன. வேலிப் பலகைகளுக்குக் கீழால் தண்ணீர் கறுப்பாக, மரத்தூளும் புல்லும் மிதக்க, மூலையைத் தேடிப் போய் மேடையில் முட்டித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

இரண்டு மணியாயிற்று. மழை கொஞ்சமும் குறையவில்லை. முகில் அவர்களுடைய கூரைக்கு மேலேயே பாய் விரித்துவிட்டது. அவசரசேவைக்கு அழைத்தால், சுற்றுவட்டாரம் முழுக்க இதே கதி, மண்மூட்டையோடு ஆள் வரும், ஆனால் தெருக்கள் மூடியிருக்கின்றன, தண்ணீருக்குள் இறங்காதீர்கள் என்றார்கள். முன்தெருவில் முழங்கால் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. அமீருன்னிசாவின் புருசன் சிஹாப்தீன் தன் லொறியோடு நெடுஞ்சாலையில் மறிபட்டு நின்றான்.

"அக்கா!" வேலிக்கு மேலால் சிவகௌரி கத்தினாள். "படிக்கு ஏற இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"நாலு விரல்!" அமீருன்னிசா பின்னறைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, புரியாணிச் சட்டியால் தண்ணீரை அள்ளி எறிந்துகொண்டிருந்தாள். எறிகிற தண்ணீர் திரும்பி அவளிடமே வந்தது.

"ரினோசாவை இஞ்சால கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கட வீடு ஒரு கல் உயரம்."

"எதால? றோட்டப் பாத்தீங்களா? வகுத்துல தையல் காயல்ல. ஒம்பது நாள் புள்ளயத் தூக்கிக்கிட்டு அந்தத் தண்ணிக்குள்ள நான் இறங்க மாட்டன்." அவள் சட்டியை நிலத்தில் அறைந்தாள். "போன முறையும் நாங்கதான் சாமானத் தூக்கிக்கிட்டு ஓடின. இந்த முறை ஓட மாட்டம். என்ன வந்தாலும் சரி, இந்த வாசல்லதான் நிப்பன்!"

அந்தச் சொல் சிவகௌரியின் முகத்தில் அறைந்தது. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. கராஜுக்குள் போனாள். மூலையில் சாத்தியிருந்த, நெம்புகிற இரும்பு அலவாங்கையும் சம்மட்டியையும் எடுத்தாள். வேலைக்குப் போடுகிற இரும்புமூக்குச் சப்பாத்தைக் காலில் மாட்டினாள். கதிர்காமநாதன் கதவில் நின்றார்.

"எங்க போறாய்?"

"உங்கட மேடையை உடைக்க."

"உனக்கென்ன விசரே கௌரி? இடி இடிக்குது. இரும்பைத் தூக்கிக்கொண்டு வெளியில போறாய்."

"இடி விழுந்தா விழட்டும். விலகுங்கோ."

"அது என்ர உயிர்!"

"உங்கட உயிர் சீமெந்துக்குள்ளயோ கிடக்கு?"

"ஓம்! அங்கதான் கிடக்கு!" அவருடைய குரல் உடைந்தது. "அதைக் கட்டினாப் பிறகுதான் நான் நித்திரை கொண்டனான். உனக்குத் தெரியுமோ? ஆறு மாசம் நான் கண்மூடேல்ல. கண்ணை மூடினா பஸ் ஸ்டாண்ட் தெரியும். கட்டி முடிச்ச அண்டைக்குத்தான் படுத்தனான். அதைத் தோண்டினா நான் இருக்க மாட்டன்."

அவளுக்கு அது தெரியாது. இவ்வளவு நாளும் அவர் அதைச் சொன்னதில்லை. ஆனாலும் அவள் நிற்கவில்லை. அவரை ஒரு தோளால் தள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

மூட்டைகளை நகர்த்துவதிலேயே கால் மணித்தியாலம் போனது. கல்லாய்ப்போன மூட்டைகள். அலவாங்கைக் கீழே கொடுத்து நெம்பி, ஒவ்வொன்றாகப் புரட்டித் தண்ணீருக்குள் விழுத்தினாள். மேடை எழும்பினபின் குழி சரியாக எங்கே என்று அவளுக்கு மட்டுக்கட்ட முடியவில்லை; பாரம் எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழேதான் குழி என்பது அவளுடைய கணக்கு. மூலையில் கால் அகட்டி நின்று சம்மட்டியை ஓங்கினாள். முதல் அடிக்குக் கை விறைத்தது. இரண்டாவதற்குச் சீமெந்தில் ஒரு வெள்ளை வடு. ஐந்தாவது அடிக்கு மயிர் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியது.

திரும்பிப் பார்த்தால் கதிர்காமநாதன் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறினார். நடுவுக்குக் கொஞ்சம் இஞ்சால், வீட்டுப் பக்க விளிம்போடு அதை வைத்து, சட்டமாக அதில் குந்தினார். தலையில் குடைகூட இல்லை.

"எழும்பி உள்ளுக்குப் போங்கோ. சளி பிடிக்கும்."

"மாட்டன். உடைக்கிறதெண்டா என்னையும் சேர்த்து உடை."

"நல்லது, இருங்கோ. காலை மட்டும் தூக்குங்கோ, சல்லி தெறிக்கும்."

அவர் இருந்தார். அவள் உடைத்தாள். ஊரில் ஒருவரும் அப்படியொரு கூத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். அவள் ஓங்கும்போதெல்லாம் அவர் தன்னை அடித்தது மாதிரிக் கண்ணை மூடினார். சீமெந்து துண்டு துண்டாகக் கிளம்பியது. அவள் கையாலேயே சல்லியை வாரி எறிந்தாள். நகம் ஒன்று பிய்ந்து இரத்தம் வந்தது. நிலம் தட்டும்வரை தோண்டியும் குழியின் மூடி தென்படவில்லை.

"ரெண்டு விரல்!" என்றாள் அமீருன்னிசா அங்கால் இருந்து. அந்தக் குரலுக்குப் பின்னால் பிள்ளை அழுதது. கதவடியில் துவாய்களைத் திணிக்கும்படி ரினோசாவுக்கு அவள் சொல்வதும் கேட்டது. "ஏலாட்டி நீ குனியாத. காலால தள்ளு. தையல் கவனம்."

சிவகௌரி இன்னும் ஒரு முழம் தள்ளிப் புதிதாக உடைக்கத் தொடங்கினாள். கை தூக்க முடியவில்லை. சம்மட்டி சறுக்கியது. அழுகை வந்தது, அதையும் திட்டாக மாற்றினாள். "பேய் வேலை! மூதேவி வேலை! ஒரு சாண் நிலத்தில தண்ணி போறதுக்கு எங்களுக்குப் பொறுக்கேல்ல. ஊரான் வீட்டுக்குள்ள விட்டுப்போட்டு நாங்கள் ஆயுள் வளர்க்கிறம்!"

கதிரையில் இருந்தவர் முன்னால் சரிந்தார். வலக்கை நெஞ்சைப் பிடித்தது.

சம்மட்டி அவள் கையிலிருந்து விழுந்தது. பாய்ந்து அவருடைய கன்னத்தைப் பிடித்தாள். "நோகுதோ? கையுக்கு இறங்குதோ? வாயைத் திறவுங்கோ, மருந்து அடிக்கிறன். அம்புலன்சுக்கு அடிக்கிறன். இஞ்சேருங்கோ, என்னைப் பாருங்கோ!"

வாஸ்துக்காரன் சொன்னது பலித்துவிட்டதோ என்று ஒரு கணம் அவளே நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வாழ்நாளெல்லாம் தன்னை மன்னிக்கமாட்டாள்.

"நோகேல்ல," என்றார் அவர். மழைத்தண்ணீரும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன. "நோகேல்ல கௌரி. பயமாக் கிடக்கு. சரியான பயமாக் கிடக்கு."

அவள் அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் நனைந்த கோழிகள்தான். "எனக்கும் பயம்தான்," என்றாள். "ரெண்டு வருசமா நீங்கள் நித்திரையில மூச்சு விடுறியளோ எண்டு பார்த்துப் பார்த்துப் படுக்கிறனான். உங்களுக்குத் தெரியுமோ அது? அதுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தண்ணியில விடச் சொல்லுறியளோ? என்னால ஏலாதப்பா. போன முறை பேசாமல் நிண்டன். இந்த முறை ஏலாது."

"ஒரு விரல்!" என்ற குரல் வந்தது. அமீருன்னிசா இப்போது கத்தவில்லை.

கதிர்காமநாதன் எழும்பினார். கதிரையைத் தூக்கித் தண்ணீருக்குள் எறிந்தார்.

"அங்க இல்லை," என்றார்.

"என்ன இல்லை?"

"நீ உடைக்கிற இடத்தில குழி இல்லை. இஞ்ச." குதிக்காலால் தான் இருந்த இடத்தைத் தட்டினார். "பாரம் வைச்சா மூடி இறங்கிப்போடும் எண்டு மூட்டையளைத் தள்ளி வைச்சனான். இந்தப் பக்கப் பலகையில இருந்து ஒரு முழம் உள்ளுக்கு. மேல ஒரு பிளைவூட்டும் ரெண்டு பொலித்தீனும் கிடக்கு."

இவ்வளவு நேரமும் அவள் அங்கே சாக, இந்த மனுசன் குழிக்கு மேலேயே கதிரை போட்டு இருந்திருக்கிறார்! நேரம் இருந்திருந்தால் அவள் சம்மட்டியை அவருடைய தலையிலேயே போட்டிருப்பாள். நேரம் இல்லை. "அலவாங்கை நிமிர்த்திப் பிடியுங்கோ," என்றாள். "பிடிக்கிறது மட்டும். தூக்கினியளோ, பேந்து எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அவர் மண்டியிட்டு அலவாங்கை நிமிர்த்திப் பிடித்தார். அவள் அதன் தலையில் அடித்தாள். கூர் சீமெந்துக்குள் இறங்கியது. எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தார், அடித்தாள். இருபது வருசத் தாம்பத்தியத்தில் சேர்ந்து ஒரு மேசையைத் தூக்கினாலும் சண்டை வருகிற சோடி அது. அன்றைக்குச் சண்டை வரவில்லை. அவர் அலவாங்கை எங்கே வைக்கிறாரோ அங்கே அவளுடைய அடி விழுந்தது. தான் எங்கே சீமெந்தைத் தடிப்பாகப் போட்டார், எங்கே மெல்லிசாக இழுத்தார் என்பது அவருக்கு மனப்பாடம். ஏழெட்டு இடத்தில் துளை விழுந்ததும் அந்தத் துண்டு தட்டையாகக் கிளம்பியது. விளிம்புப் பலகையை அவள் நெம்பிப் பிடுங்கினாள். அடைபட்டு நின்ற தண்ணீர் சல்லியைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது.

"பொலித்தீன்! இழு கௌரி!"

அவள் இழுத்தாள். ஊறி உப்பிய பிளைவூட் பாதியில் முறிந்தது. மிச்சத்தை அவர் கையை விட்டுக் கிளப்பினார். கீழே கம்பி மூடி, பளபளப்பு மாறாமல் இருந்தது. தண்ணீர் ஒரு கணம் அதற்கு மேலே தயங்கிச் சுழன்றது. பிறகு பெரிய ஏப்பம் ஒன்று விட்டு உள்ளே இறங்கத் தொடங்கியது. இறங்கினது என்றால் அப்படியொரு இறக்கம். இரண்டு வளவின் தண்ணீரும் மரத்தூளையும் புல்லையும் யாரோ வீட்டுப் பிளாஸ்டிக் செருப்பையும் இழுத்துக்கொண்டு அந்த மூலைக்கு ஓடி வந்தது.

கம்பியில் இலை வந்து அடைத்தது. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் குந்தியிருந்து கையால் வழித்து வழித்து எறிந்தார்கள். விட்டால் அரை நிமிசத்தில் அடைத்துவிடும். மழை அதே வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அங்கால் இருந்து அடுத்த விரல்கணக்கு வரவில்லை. சிவகௌரி வேலியைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா? அக்கா! என்ன மாதிரி?"

"நிண்டிட்டு," என்றாள் அமீருன்னிசா. "ஏறல்ல. படிக்குக் கீழ நிக்கிது." பிறகு, "ரெண்டு விரல் எறங்கிட்டு கௌரி! அல்ஹம்துலில்லாஹ், எறங்குது!" என்றாள். பால்பெட்டி ஒன்றை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. வேலிக்கு மேலே அவளுடைய தலை தெரிந்தது. உடைந்த மேடையையும், குழியையும், அதன் இரண்டு பக்கமும் சேறு பூசிக் குந்தியிருந்த புருசனையும் பெண்சாதியையும் பார்த்தாள்.

கதிர்காமநாதன் நிமிர்ந்தார். வழக்கமாக அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறவர், இந்த முறை பார்த்தார்.

"தங்கச்சி, தண்ணி போற குழி இந்த மேடைக்குக் கீழதான் கிடந்தது. போன முறை உங்கட வீட்டுக்குள்ள வந்ததும் இதாலதான். நான்தான் அடைச்சனான். தெரிஞ்சுகொண்டுதான் இல்லையெண்டனான்."

"தெரியும் அண்ணன்."

"தெரியுமோ?"

"தெரியாம என்ன? எட்டுச் சனிக்கிழம மிசின் போட்டுக் குழைச்சீங்க. நான் என்ன கண்ணு தெரியாதவளா?" அவளுடைய முகம் இளகவில்லை. "ஒங்கட வாயால வரட்டும் எண்டுதான் இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டு இருந்த. வந்திட்டு. நல்லம். நாளைக்கு மிச்சத்தையும் உடைச்சி எடுங்க. அரைகுறையா விட்டீங்களெண்டா நான் வந்து உடைப்பன், சொல்லிட்டன்."

"உடைக்கிறன்."

"நீங்க ஒடைக்க வேணாம், நெஞ்சு சரியில்லாத ஆள். சிஹாப்தீன் வருவார். நீங்க எடத்தக் காட்டினாக் காணும்." உள்ளே பிள்ளை வீறிட்டது. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

மழைக்குள் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். கதிர்காமநாதன் தன் மணிக்கட்டைப் பிடிக்கப் போனார். கையெல்லாம் சேறு, நாடி பிடிபடவில்லை. குழிக்குள் போகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கௌரி."

"என்ன?"

"எனக்கு ஏதும் நடந்தா?"

பொய் சொல்லலாம், ஒன்றும் நடக்காது என்று சொல்லலாம். அவளுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"நடந்தா அழுவன்," என்றாள். "குழறி அழுவன். இந்தத் தெரு முழுக்கக் கேக்கும். ஆனா இந்தக் குழியை மூட மாட்டன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, கம்பியில் வந்து ஒட்டிய இலைகளை வழித்து வெளியே எறிந்தார்.